ரத்தக் காட்டேரியும் ஒன்பது வயசும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆரணியில எங்க பழைய வீட்டுல திடீர்னு ஒரு சென்சார் போர்டு கூடிடுச்சு. தலைவர் நான். உறுப்பினர்கள் என் தம்பி, தம்பி பொண்டாட்டி, எங்க அம்மா. மனுதாரர் தம்பி பொண்ணு, வயசு பன்னெண்டு முடியல. வழக்கு என்னன்னா, போன்ல ஒரு ரத்தக் காட்டேரிப் படம் வந்திருக்கு, கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க, தான் பாக்கலாமா கூடாதா?

படத்து ஓரத்துல "யு/ஏ 13+" னு சின்னதா போட்டிருந்தது. அவளே அதைக் காட்டி, "பெரியப்பா, பதிமூணுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு, கிட்டத்தட்ட சரிதானே"ன்னு வாதாடினா. அம்மா "கலியாணத்துக்கா கேக்கறா, படம்தானே"ன்னாங்க. தம்பி மட்டும் ஒரே வார்த்தையில "வேணாம்"னுட்டு எழுந்து வாசலுக்குப் போயிட்டான். அவன் ஏன் அப்படிப் போனான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இல்ல, தெரியும்னு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல நெனச்சிக்கிட்டு இருந்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த "குழந்தைங்க பாக்கலாமா"ங்கற கேள்வியை நம்ம நாட்டுல மொதல்ல யாரு கேட்டாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட இழுத்துக்கிட்டே போயிடுச்சு. பதிவு நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

நம்ம சினிமா தணிக்கைச் சட்டம் 1918ல வெள்ளைக்காரன் போட்டது. 1920ல சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன்ல போர்டு வச்சாங்க. சென்னை போர்டுக்குத் தலைவர் யாருன்னு நெனக்கிறீங்க? போலீஸ் கமிஷனர்! அப்போ எது பயப்பட வேண்டிய விஷயம்னு பாத்துக்குங்க. 1921ல வந்த "பக்த விதுரர்" படத்தை சென்னையில தடை பண்ணாங்க, விதுரர் காந்தி மாதிரி இருக்கார்னு. பேய், பிசாசெல்லாம் அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல. கதர் குல்லாதான் காட்டேரி.

அதே வெள்ளைக்காரன் அவன் ஊர்ல வேற மாதிரி இருந்தான். 1931ல அமெரிக்காவுல "டிராகுலா"வும் "ஃபிராங்கன்ஸ்டைனு"ம் வந்ததும் இங்கிலாந்துல குழந்தைங்களைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சு, 1930கள்ல திகில் படத்துக்குன்னே "ஹெச்" னு தனியா ஒரு எழுத்து கொண்டு வந்துட்டாங்க. மொதல்ல அது வெறும் எச்சரிக்கைதான். 1937ல இருந்து பதினாறு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அனுமதியே இல்லன்னு ஆக்கினாங்க. 1951ல அதை எடுத்துட்டு "எக்ஸ்" னு மாத்தினாங்க. பயம்ங்கறதை மட்டும் தனியாப் பிரிச்சு ஒரு எழுத்து குடுத்தது பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல இன்னிக்கு வரைக்கும் அப்படி ஒண்ணு கிடையாது. 1949ல திருத்தம் வந்து "ஏ", "யு" ன்னு ரெண்டே எழுத்து. முத்தமும் ரத்தமும் பேயும் எல்லாம் ஒரே "ஏ" பெட்டிக்குள்ள போச்சு. "ஏ படம்"னா நம்ம ஆளுங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு உங்களுக்கே தெரியும். பேய்னு சொல்ல மாட்டாங்க :-)

அப்புறம் 1952 சட்டம். "ஏ" படம்னா பதினெட்டு முடிஞ்சிருக்கணும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, ஓட்டுப் போடற வயசு 1989 வரைக்கும் இருபத்தொண்ணு. அதாவது பத்தொன்பது வயசுப் பையன் டிராகுலாவைப் பாக்கலாம், எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எது பயங்கரம்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு போல.

பிடிச்ச சம்பவம் ஒண்ணு சொல்லணும். 1954 செப்டம்பர் 23, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரம், கார்பல்ஸ்னு ஒரு ஏழைப்பட்ட பகுதி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நூத்துக்கணக்கான பசங்க கத்தி, கூரான குச்சி எல்லாம் எடுத்துக்கிட்டு அங்க இருக்கிற பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள்ள போயிட்டாங்க. ஏழடி உயரத்துல இரும்புப் பல் வச்ச ஒரு ரத்தக் காட்டேரி ரெண்டு பையன்களைத் தின்னுடுச்சாம், அதைப் புடிச்சுக் கொல்லப் போறாங்களாம். சின்னச் சின்ன வாண்டுங்களும் அந்தக் கூட்டத்துல. போலீஸ் வந்து பாத்தா எந்தப் பையனும் காணாமப் போகவே இல்ல.

பெரியவங்க உடனே காரணம் கண்டுபுடிச்சிட்டாங்க. அமெரிக்கத் திகில் காமிக்ஸ்! பத்திரிகைகள் எழுதிச்சு, பாராளுமன்றம் பேசிச்சு. திகில் காமிக்ஸுக்கு எதிரா முன்னாடியே நடந்துக்கிட்டு இருந்த இயக்கத்துக்கு இது நல்ல தீனி. 1955ல சட்டமே வந்துடுச்சு. ஆனா பின்னாடி ஆராய்ஞ்சவங்க என்ன சொன்னாங்கன்னா, இரும்புப் பல் அரக்கி அந்த ஊர்ப் பழைய பாட்டுல ஏற்கனவே இருக்கா, அந்தப் பாட்டு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்த பாட்டு. பைபிள்ல தானியேல் புத்தகத்துலயும் இரும்புப் பல் மிருகம் ஒண்ணு வருது. அதாவது காட்டேரியைக் குழந்தைங்களுக்குக் குடுத்தது காமிக்ஸ் இல்ல, வாத்தியாரும் பாதிரியாரும்தான்.

இது நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. அந்த 1955 சட்டத்தை கிட்டத்தட்ட அதே வார்த்தைகளோட அடுத்த வருஷமே நாம போட்டோம். இளைஞர்களுக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள் சட்டம், 1956. குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பான பயங்கரமான சம்பவங்கள் இதையெல்லாம் காட்டி இளவயசுக்காரங்களைக் கெடுக்கற கதைப் புத்தகம் வித்தா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். இதுல இளவயசுன்னா எவ்வளவு தெரியுமா? இருபது!

அப்போ நம்ம வீட்டுத் திண்ணையில என்ன கெடந்துச்சு? அம்புலிமாமா. 1947 ஜூலையில ஆரம்பிச்சு மாசாமாசம் வந்த குழந்தைங்க பத்திரிகை. அதுல ஓவியர் சங்கர் வரைஞ்ச அந்தப் படத்தை யாராலயாவது மறக்க முடியுமா? சுடுகாடு, மண்டை ஓடு, கையில கத்தியோட விக்கிரமாதித்தன், தோள்ல பொணம், பொணத்துக்குள்ள வேதாளம். சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் படிச்சா அம்புலிமாமா ஆபீசையே பூட்டி சீல் வச்சிருக்கணும். விளையாட்டுக்குச் சொல்லல, 1870ல ரிச்சர்டு பர்ட்டன்ங்கற வெள்ளைக்காரர் இந்தக் கதைகளை இங்கிலீஷ்ல போட்டப்போ வேதாளத்துக்கு அவர் வச்ச பேரே "வாம்பயர்". பிராம் ஸ்டோக்கர் "டிராகுலா" எழுதினது 1897ல. அவங்க ஊர்க் காட்டேரிக்கு 27 வருஷம் முன்னாடியே நம்ம வேதாளத்துக்கு அந்தப் பட்டம் கெடச்சாச்சு. அதைத்தான் நாம ராத்திரி தூங்கப் போகும்போது புள்ளைங்களுக்குச் சொன்னோம்.

வேதாளமாவது கேள்வி கேட்டுட்டு மரத்துல ஏறிக்கும். எங்க வட ஆற்காட்டுப் பக்கம் நடக்கறதைச் சொன்னா வெளியூர்க்காரங்க நம்ப மாட்டாங்க. மாசி மாசம் சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசை, மயானக்கொள்ளை. அங்காளம்மன் வேஷம் போட்டு சுடுகாட்டுக்குப் போவாங்க, அருள் வந்தவங்க உயிர்க்கோழியைக் கடிச்சு ரத்தம் குடிக்கிறதை நான் அப்பா தோள்மேல உக்காந்துக்கிட்டு பாத்திருக்கேன். அப்போ எனக்கு அஞ்சு வயசு இருக்கும். செய்யாறு பக்கம் பாரதக் கூத்து வச்சா விடிய விடிய. பீமன் துச்சாதனனைக் கிழிப்பான், திரௌபதி அந்த ரத்தத்தை எடுத்துத் தலையில பூசி முடிவா. முன் வரிசையில பாய் விரிச்சு உக்காந்திருக்கறது முழுக்க வாண்டுங்கதான். எந்த போர்டும் வந்து எந்த எழுத்தும் குடுக்கல.

அப்போ எங்களுக்குப் பயம் இல்லையான்னா, இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. ஆனா கூத்து முடியறப்போ பொழுது விடிஞ்சிடும். காளி வேஷக்காரர் டீக்கடையில அரிதாரத்தோட உக்காந்து பன் சாப்பிட்டுக்கிட்டு இருப்பார். "இன்னாடா, பயந்துட்டியா"ன்னு கேப்பார். ஆயா மடி பக்கத்துலயே இருக்கும். சினிமாவுல அது இல்ல. படம் முடிஞ்சு இருட்டுல தனியா வீட்டுக்கு நடந்து வரணும்.

சரி, இப்போ தம்பி கதை.

1987 கோடை லீவு. எனக்கு பதிமூணு, அவனுக்கு ஒன்பது. ஊருக்கு வெளிய ஒரு டெண்ட் கொட்டாய், பேரு வேணாம். ரெண்டாவது ஆட்டம் ஒரு வெள்ளைக்கார டிராகுலா படம் போட்டிருந்தாங்க. போஸ்டர்ல வட்டத்துக்குள்ள பெரிசா "ஏ". வீட்டுல எல்லாரும் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தாங்க. தம்பியைத் தனியா விட்டுட்டுப் போக முடியாதுன்னு அவனையும் இழுத்துக்கிட்டுப் போனேன். வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவர் எங்களை மேலயும் கீழயும் பாத்தார். "பெரியவங்க யாரும் வரலையா"ன்னார். "உள்ள இருக்காங்க"ன்னேன். விட்டுட்டார். "ஏ" படத்தைச் சின்னவங்களுக்குக் காட்டினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், லட்ச ரூபா வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்குன்னு இப்போதான் படிச்சேன். அந்த மனுஷனுக்கு அது தெரிஞ்சிருந்தா எங்களை அடிச்சே தொரத்தியிருப்பார்.

மணல்ல உக்காந்து பாத்தோம். ரொம்ப வருஷம் கழிச்சு டிவிடியில பாத்தப்போதான் அந்த மூஞ்சி கிறிஸ்டோபர் லீ ன்னு தெரிஞ்சுது. 1958ல இருந்து 1973 வரைக்கும் ஹாம்மர் கம்பெனிக்காக ஏழு படத்துல டிராகுலாவா நடிச்சவர். செவந்த கண்ணு, வாயோரம் ரத்தம், சவப்பெட்டியிலேருந்து ஒரு கை மெதுவா வெளிய வரும்... தம்பி என் சட்டையைப் புடிச்சவன் கடைசி வரைக்கும் விடல.

ரெண்டு நாள் காய்ச்சல். ஆயா மந்திரிச்சு தாயத்து கட்டிச்சு. ஏன்னு யாருக்கும் தெரியாது, நானும் சொல்லல. ஆனா பிரச்சினை காய்ச்சல் இல்ல. அந்த லீவுல அவனைத் தறியில உக்கார வைக்கறதா அப்பா முடிவு பண்ணியிருந்தார்.

குழித்தறி பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். தரையில பள்ளம் எடுத்து, மிதிக்கட்டை பள்ளத்துக்குள்ள இருக்கும். நெய்யறவங்க விளிம்புல உக்காந்து ரெண்டு காலையும் பள்ளத்துக்குள்ள தொங்கவிட்டுத்தான் மிதிக்கணும். பட்டுப்புடவைக்குக் கரை வேற கலர்ல வந்தா பக்கத்துல ஒரு சின்ன ஆள் உக்காந்து கரைப்பக்க நாடாவைக் குடுக்கணும். அதுக்கு வச்சிருந்த பையன் நின்னுட்டான். கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்ல. மாஸ்டர் வீவர்கிட்ட வாங்கின முன்பணம் வேற தலைமேல. வீட்டுல ரெண்டு புள்ளைங்க, ஒருத்தன் படிக்கட்டும், ஒருத்தன் தறிக்கு வரட்டும்னு கணக்கு. பெரியவன் நல்லா படிக்கிறான், அதனால சின்னவன்.

தம்பி பள்ளத்துல காலை விட மாட்டேன்னுட்டான். உள்ளேருந்து கை வந்து புடிக்குதுன்னு அலறினான். அப்பா அடிச்சுப் பாத்தார், அம்மா கெஞ்சிப் பாத்தாங்க. லைட்டு போட்டு பள்ளத்தைக் காட்டினாங்க. ம்ஹூம். பத்து நாள் இதே கூத்து. கடைசியில அப்பா என்னைப் பாத்தார். நானே போய் உக்காந்துட்டேன். என்னாலதானே வந்துச்சு. ஜூன் மாசம் தம்பி பள்ளிக்கூடம் போனான், நான் போகல. ரெண்டு வருஷம். அப்புறம் தனித்தேர்வு எழுதி, எப்படியோ மேல வந்து, இப்போ ஒரு ஜவுளிக் கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். அவன் வாத்தியார்.

அந்த வருஷத்துச் சட்டங்களை இப்போ வரிசையா வச்சுப் பாக்கறேன். ஒன்பது வயசுப் பையன் டிராகுலா பாக்கக் கூடாது, பதினெட்டு ஆகணும். அதுக்கு முந்தின வருஷம், 1986ல வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினாலு வயசுக்குக் கீழ உள்ளவங்களை நெசவு வேலையில வைக்கக் கூடாதுன்னுது. நல்ல சட்டம். ஆனா சொந்தக் குடும்பத்தை வச்சு நடத்தற தறிக்கு அது பொருந்தாதுன்னு அதுலயே ஒரு வரி. சொந்த அப்பா, சொந்தத் தறி, சொந்தப் பள்ளம். 2016ல திருத்தினப்போ கூட, பள்ளிக்கூடம் போய்ட்டு வந்து குடும்பத் தொழில்ல உதவலாம்னு விட்டு வச்சிருக்காங்க. சினிமாக் கொட்டாய் வாசல்ல ஒரு "ஏ" இருந்துச்சு. எங்க வீட்டு வாசல்ல எந்த எழுத்தும் இல்ல. இதுக்காக அப்பாவைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அவரும் எட்டு வயசுல உக்காந்தவர்தான்.

சென்சார் கதையை முடிச்சுடறேன். 1970ல கே.ஏ. அப்பாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் படத்துக்கு முன்கூட்டியே தணிக்கை செல்லும்னு சொல்லிச்சு. மத்த கலையை விட சினிமா மனசை ஆழமாத் தொடுது, அதுலயும் சின்னவங்களைன்னு தலைமை நீதிபதி இதாயத்துல்லா எழுதினார். மணல்ல உக்காந்து சட்டையைப் புடிச்ச கையை நெனச்சா அவர் சொன்னது தப்பில்லன்னுதான் படுது. 1983ல போர்டு பேரையே தணிக்கையிலேருந்து சான்றிதழ்னு மாத்தி "யு/ஏ" ன்னு நடுவுல ஒண்ணைச் சேத்தாங்க. பன்னெண்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க பாத்து முடிவு பண்ணுங்கன்னு அர்த்தம். போர்டு தன் தலைவலியை நம்ம தலைக்கு மாத்துன நாள் அது. எத்தனை பெத்தவங்களுக்கு அது தெரிஞ்சுதுங்கறீங்க? நான் பாத்த வரைக்கும் ராத்திரி ஆட்டம் பேய்ப் படத்துல கைக்குழந்தை அழற சத்தம்தான் பின்னணி இசையே.

தமிழ்நாட்டுல 2011ல இது காசு விவகாரமாவும் ஆச்சு. தமிழ்ப் படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு வேணும்னா "யு" இருக்கணும்னு அரசாங்கம் சொல்லிச்சு. குழந்தை பாக்கலாமாங்கற கேள்வி தயாரிப்பாளர் கல்லாப்பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வர்ற வரைக்கும் இந்தக் கணக்கு ஓடுச்சு. அந்த வருஷங்கள்லதான் பேய் பங்களாவுக்குள்ள காமெடியனை விடற படங்களா வரிசையா வந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டான்னா, எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

2021ல போன்ல, டிவியில இணையம் வழியா வர்ற படங்களுக்கு 7, 13, 16 னு வயசு பிரிச்சாங்க. 2023 திருத்தச் சட்டத்துல தியேட்டருக்கும் அதே பிரிவு வந்துச்சு. நம்ம மனுதாரர் காட்டின 13 அப்படி வந்ததுதான். பழைய ரெண்டு எழுத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனா கிறிஸ்டோபர் லீயைப் பாத்து பன்னெண்டு வயசுல சிரிக்கிற புள்ளையும் உண்டு, பதினேழு வயசுல லைட்டு போட்டுத் தூங்கற புள்ளையும் உண்டு. நம்பருக்கு அது எப்படித் தெரியும்.

மறுநாள் காலையில தம்பிகிட்ட சொல்லிட்டேன். திண்ணையில காபி குடிச்சிக்கிட்டு இருந்தான். "டேய், அன்னிக்கு உன்னை அந்தப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனது என் தப்புடா. அதனாலதானே நேத்து வேணாம்னே"ன்னேன். முதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அண்ணே, காய்ச்சல் நெசம். ரெண்டு நாள் கையும் நெசம்தான். அதுக்கப்புறம் கை வரல"ன்னான்.

எனக்குப் புரியல.

"தறியில உக்கார புடிக்கல. பள்ளிக்கூடம் போகணும். வாயைத் தொறந்து சொன்னா அப்பா அடிப்பார். பேய்னு சொன்னா அடிச்சும் பிரயோஜனமில்லன்னு கண்டுபுடிச்சேன். நீ போய் உக்காருவேன்னு நெனக்கலண்ணே. நீ உக்காந்ததும் சொல்லிடலாம்னு பாத்தேன். சொல்லல."

காபி ஆறிப்போச்சு. நான் என்ன பதில் சொன்னேன்னு கேக்காதீங்க, ஒண்ணும் சொல்லல. ஒன்பது வயசுல அவ்வளவு யோசிச்சானான்னு ஒரு பக்கம் கோவம், சிரிப்பு ஒரு பக்கம். நேத்து ஏன் வேணாம்னுட்டுப் போனேன்னு கேட்டேன். "படத்துக்காக இல்ல. அதைப் பாத்தா இதெல்லாம் ஞாபகம் வரும்"னான்.

ராத்திரி எட்டு மணிக்கு மனுவை ஏத்துக்கிட்டோம். நிபந்தனை ஒண்ணுதான், நடு ஹால்ல, எல்லாரும் சேந்து. தறி இருந்த இடத்துலதான் இப்போ அந்த ஹால், பள்ளத்தை மூடி டைல்ஸ் போட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு. பாதிப் படத்துல அம்மா தூங்கிட்டாங்க. காட்டேரி மொத தடவை பல்லைக் காட்டினப்போ சட்டுனு என் சட்டைக் கையை யாரோ புடிச்சாங்க. மனுதாரர் அந்தப் பக்கம் முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா. திரும்பிப் பாத்தா, தம்பி.